காதுக்கும் இயர்போனுக்கும் நடுவில் ஒரு ரப்பர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் எந்த இயர்போன் வாங்கலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஐந்து இயர்போன்களை வரிசையாக வைத்து, விலை என்ன, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், உள்ளே இருந்து ஒலியை எழுப்பும் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர், வியர்வை பட்டால் தாங்குமா என்றெல்லாம் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் காதுக்குள் போய் உட்காருகிற அந்தச் சின்ன ரப்பரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டைத் துணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அளவு எடுப்பதை மறந்துபோன மாதிரி இருந்தது. அந்த ரப்பர் தெரியாமல் இரண்டு வருடம் அவதிப்பட்டவள் என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டினாலும் பரவாயில்லை, வளையல் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இயர்போன் பொழுதுபோக்கு இல்லை, அதுதான் சோறு போடுகிறது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதைக் கேட்டு எழுத்தாக்குவது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே முதல் பிரதியை அடித்துக் கொடுத்துவிடுகிறது, நாங்கள் ஒலியைக் கேட்டுக்கொண்டே திருத்துகிறோம். காலடியில் பெடல், அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். இதில் எனக்குப் பாட்டின் இனிமை முக்கியமில்லை, மெய்யெழுத்து முக்கியம். ஒரு டாக்டர் 'ஃபிஃப்டீன்' என்கிறாரா 'ஃபிஃப்டி' என்கிறாரா என்பது மருந்தின் அளவு 15-ஆ 50-ஆ என்கிற விஷயம். 'டிஸ்ஃபேஜியா' என்றால் விழுங்க முடியவில்லை, 'டிஸ்ஃபேசியா' என்றால் பேச்சு வரவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற டாக்டரும் உண்டு, காரில் போய்க்கொண்டே பேசுகிறவரும் உண்டு. அந்த ஓர் எழுத்தைப் பிடிக்கப் பெடலைப் பத்துத் தடவை மிதிப்பேன்.

முதலில் 600 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஒலி தகரத்தைத் தட்டுவது போல இருந்தது, கனமே இல்லை. காதில் நிற்கவும் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வலது பக்கம் மெல்ல நழுவி வெளியே வரும், நான் தள்ளுவேன், மறுபடி வரும். விலை குறைவு, அதனால்தான் என்று நினைத்து 1,400-க்கு அடுத்தது. அதிலும் அதே கதை. பிறகு 2,200. 'எக்ஸ்ட்ரா பேஸ்', அதாவது கீழ் ஒலி கூடுதல் என்று பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருந்தது, கனம் வந்தது, கூடவே டாக்டர்கள் எல்லோரும் குடத்துக்குள்ளிருந்து பேச ஆரம்பித்தார்கள். கடைசியாக 3,000 கொடுத்து ஒன்று. ஆக மொத்தம் 7,200 ரூபாய். சாயங்காலம் ஆனால் வலது காது ஓரம் சிவந்து வலிக்கும், இடது காது ஒன்றும் சொல்லாது. எனக்கு ஏதோ காது கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவன் இந்த விஷயத்தில் ஒரு பைத்தியம். என் மேசை டிராயரில் கிடந்த நாலு இயர்போனையும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சித்தி, இயர்போன்ல ஒண்ணும் குறை இல்ல. உங்க காதுக்கும் அதுக்கும் நடுவுல ஓட்டை இருக்கு" என்றான். சரி, நிரூபித்துக் காட்டு என்றேன்.

அவன் செய்து காட்டியது இதுதான், யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம் வருகிற இடத்தைப் போட்டு அந்த 600 ரூபாய் இயர்போனையே என் காதில் மாட்டினான். மிருதங்கத்தில் வலது பக்கமான வலந்தலை மட்டும் 'நம் நம்' என்று மரப்பலகையில் விரலால் தட்டுவது போலக் கேட்டது. "தொப்பி கேக்குதா?" என்றான், மிருதங்கத்தின் இடது பக்கத்தைத்தான் கேட்கிறான். இல்லை. எங்கே போனது? "இப்ப ரெண்டு பக்கமும் விரலால லேசா உள்ள அமுக்குங்க." அமுக்கினேன். தொப்பி வந்துவிட்டது! இடது கையின் 'தும்' முழுசாக, அதன் கார்வையோடு, கழுத்துவரை இறங்கியது. விரலை எடுத்தேன், போய்விட்டது. இரண்டு வருடமாக 600 ரூபாய் இயர்போனைத் திட்டியது தப்பு, அதற்குள் தொப்பி இருக்கத்தான் செய்தது, என் காதுக்குள் வந்து சேர்வதற்கு முன் இடுக்கு வழியாக வெளியே ஒழுகியிருக்கிறது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. காதுக்குள் அடைத்துப் போடுகிற வகை இயர்போன் ஒரு சின்ன மூடிய அறையில் இருக்கும் காற்றை முன்னும் பின்னும் தள்ளித்தான் ஒலியைக் கொடுக்கிறது. அறை மூடியிருந்தால்தான் தாழ்ந்த ஒலிகளுக்கு அழுத்தம் கிடைக்கும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் அழுத்தம் அதன் வழியாக ஓடிவிடும், முதலில் போவது கீழ் ஒலிதான், கீச்சு மட்டும் மிஞ்சும். நாமோ இயர்போன் மட்டம் என்று அடுத்ததை வாங்குவோம், இல்லையென்றால் ஒலியைக் கூட்டுவோம். 'எக்ஸ்ட்ரா பேஸ்' இயர்போன்கள் இவ்வளவு விற்பதற்கே இந்த ஓட்டைதான் பாதிக் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ஒழுகுகிற குடத்துக்குக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுகிற வேலை அது. பேச்சு கேட்கிறவர்களுக்கு அது இன்னும் மோசம், ஏனென்றால் கீழ் ஒலி பலமாக இருந்தால் அதற்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை அமுக்கிவிடும், 'ச', 'ஃப', 'த' எல்லாம் அந்த மேல் வரிசையில்தான் இருக்கின்றன. என் டாக்டர்கள் குடத்துக்குள் போனது அப்படித்தான்.

அப்புறம் காது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு துளை தெரிகிறது, அது நேர்க் குழாய் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரியவர்களுக்கு அது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், நேராக இல்லாமல் லேசாக வளைந்து போகிறது, வாய் வட்டமாக இல்லாமல் கோழிமுட்டை வடிவத்தில் இருக்கிறது. வெளிப்பக்கம் குருத்தெலும்பு, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உள்ளே போகப் போக எலும்பு, அதன் மேல் மெல்லிய தோல், அங்கே எது பட்டாலும் உயிர் போகும். தாடை அசைந்தால் குழாயின் வடிவமும் மாறும். முறுக்கு தின்றுகொண்டே பாட்டுக் கேட்டால் ஒலி வந்து வந்து போவது அதனால்தான், முறுக்கின் சத்தம் மட்டும் காரணமில்லை. இன்னொன்று, ஒரே ஆளுக்கு இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்கு இடது காதுக்கு 'எம்' சரியாக இருக்கிறது, வலது காதுக்கு 'எஸ்'. நாலு இயர்போனிலும் பெட்டியிலிருந்து வந்தபடியே இரண்டு பக்கமும் 'எம்' போட்டிருந்தேன். சின்னத் துளைக்குப் பெரிய ரப்பர், அது நன்றாக அடைக்கும் என்றுதானே தோன்றும்? அடைக்காது. உள்ளே போக முடியாமல் மடிந்து சுருங்கும், அந்த மடிப்பு வழியாகக் காற்று போகும், ஓரத்தை நாள் பூரா அழுத்தி வலிக்கவும் வைக்கும், கடைசியில் மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வரும். நழுவுகிறதே என்று இன்னும் பெரிதாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே போட்டிருக்கிறேன்.

இப்போது வளையல். திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் போய் "வலது காதுக்குச் சின்ன ரப்பர் வேண்டும்" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். எஸ், எம், எல் மூன்று ஜோடி, சேர்த்துத்தான் தருவாராம், தனியாக இல்லை. "அளவு எவ்வளவுங்க?" "அதான் எஸ்னு போட்டிருக்கேம்மா." அந்த எஸ் எனக்கு முன்பு பெட்டியில் வந்த எம் அளவுக்கு இருந்தது. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் எம், கேட்பதற்கு ஆள் இல்லை. அதே கையோடு தெப்பக்குளம் போய் மருமகளுக்கு வளையல் வாங்கினேன். "ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?" என்று முதல் கேள்வியே அளவுதான். ரெண்டு நாலு என்றால் நாடு முழுக்க ரெண்டேகால் அங்குலம், யார் கடையில் வாங்கினாலும் கையில் ஏறும். சந்தேகம் என்றால் கடைக்கார அம்மா சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றியே காட்டிவிடுவார். பத்து ரூபாய்க் கண்ணாடி வளையலுக்கு இருக்கிற ஒழுங்கு மூவாயிரம் ரூபாய் இயர்போனுக்கு இல்லை. டிரைவர் 10 மில்லிமீட்டர் என்று பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், அது என் காதுக்குள் வரப் போவதே இல்லை. காதுக்குள் வருகிற ரப்பரின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று பெரும்பாலும் எங்கேயும் போடுவதில்லை.

அக்கா மகன் சொன்னதில் எனக்குப் பிடித்த ஒரு வரலாறு. அமெரிக்காவில் எட்டிமோட்டிக் என்று ஒரு கம்பெனி, 1983-இல் மீட் கில்லியன் என்ற காது விஞ்ஞானி ஆரம்பித்தது. பாட்டுக்காக ஆரம்பித்த கம்பெனி இல்லை, காது கேட்பதை அளக்கிற கருவிகள் அவர்களுடைய தொழில். 1991-இல் அவர்கள் கொண்டுவந்த ஈஆர்-4 இயர்போனின் முனையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குக் குடை வைத்த ரப்பர் இருக்கும், பார்த்தால் கோயில் கோபுரம் மாதிரி. ஆழமாக உள்ளே போகும், எல்லோராலும் தாங்க முடியாது, நான் போட்டுப் பார்த்து ஒரு நிமிடத்தில் கழற்றிவிட்டேன். ஆனால் காதுக்குள் சரியாக அடைத்தால்தான் ஒலி ஒலியாக இருக்கும் என்று காது பரிசோதனைக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இதைக் கேட்டதும்தான் எனக்கே ஞாபகம் வந்தது, முன்பு ஒரு தடவை காது பரிசோதனைக்குப் போனபோது பரிசோதித்த பெண் ஒரு மஞ்சள் நுரைப்பஞ்சு உருளையை விரல்களுக்கு நடுவில் உருட்டி மெல்லிசாக்கி, என் காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கங்க" என்றார். அது மெல்ல விரிந்து காதை அடைத்ததும் வெளிச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. முழு ரகசியமும் அங்கேயே என் கண் முன்னால் இருந்திருக்கிறது, நான் அப்போது பீஸ் எவ்வளவு ஆகுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மடலை இழுக்கிற விஷயம் முக்கியம். தலைக்கு மேலாக எதிர்க் கையைக் கொண்டுவந்து காதின் மேல் பகுதியைப் பிடித்து மேலும் பின்னும் இழுத்தால் உள்ளே அந்த வளைவு கொஞ்சம் நேராகும். அப்போது ரப்பரை லேசாகத் திருகியபடி வைத்துவிட்டு மடலை விட்டுவிட வேண்டும். நான் இத்தனை நாள் காலிங்பெல் அழுத்துவது போல நேராக அழுத்திக்கொண்டிருந்தேன். காதில் எது பட்டாலும் சிலருக்கு இருமல் வரும், அது நோய் இல்லை, தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குள்ளும் வருகிறது, அவ்வளவுதான்.

நுரைப்பஞ்சு முனையா, சிலிக்கான் ரப்பரா என்று என்னைக் கேட்டால், பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்குப் பஞ்சு. வெளிச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும், கோணல் காதுக்கும் தன்னை வளைத்துக்கொள்ளும், வலிக்காது. ஆனால் மேல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், எங்கள் திருச்சி வெயிலில் வியர்வை குடித்து இரண்டு மூன்று மாதத்தில் விறைத்துப்போகும், கழுவவும் முடியாது. எனக்குச் சிலிக்கான்தான், அதிலும் வாய் அகலமானது. ரப்பரின் நடுத் துளை அகலமாக இருந்தால் மேல் ஒலி தெளிவாக வரும், குறுகலாக இருந்தால் கீழ் ஒலி தூக்கலாகத் தெரியும். என் டாக்டர்களின் 'ஃப'வும் 'ச'வும் வந்தது அகன்ற வாயில்தான். மிருதங்கம் கேட்கிற என் கணவருக்குக் குறுகலானது பிடித்திருக்கிறது, ஒரே இயர்போன், ரப்பர் மட்டும் வேறு. ரப்பரை வாரம் ஒரு முறை கழற்றி லேசான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள், ஈரத்தோடு மாட்டினால் காதில் பூஞ்சை பிடிக்கும். அடுத்தவர் காதில் இருந்ததை வாங்கி மாட்டாதீர்கள். முனையில் இருக்கும் சல்லடை வலையில் குறும்பி அடைத்தால் ஒரு பக்கம் மட்டும் ஒலி குறையும், அதையும் ரிப்பேர் என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று ஜோடி பாக்கெட்டில் இருந்த எஸ்ஸைப் போட்டுப் பார்த்தபோது, அதன் நடுத் துளை என் இயர்போனின் முனையைவிடக் கொஞ்சம் பெரிது. மாட்டும்போது தெரியவில்லை. ஷிப்ட் முடிந்து இயர்போனை இழுத்தேன், இயர்போன் வந்தது, ரப்பர் வரவில்லை. இரவு இரண்டு மணி. என் மாமியார் ஹேர்பின்னோடு வந்து நின்றார், கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். காலையில் காது மூக்கு தொண்டை டாக்டர் இடுக்கியால் பத்து விநாடியில் எடுத்துக் கையில் கொடுத்தார். "வாரத்துக்கு ஒரு கேஸ் வருதும்மா, நல்ல வேளை நோண்டாம வந்தீங்க" என்றார். ஆக, ரப்பர் காதுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, இயர்போன் முனையிலும் இறுக்கமாக உட்கார வேண்டும். மாட்டியபின் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஒயர் இல்லாத இயர்பட்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், நீளமான ரப்பர் போட்டால் சார்ஜ் டப்பா மூடாது.

அந்த டாக்டரே என் வேலை நேரத்தைக் கேட்டுவிட்டு இன்னொன்று சொன்னார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் அளவில். 90 டெசிபல் என்றால் அந்த 40 மணி நேரம் நாலு மணி நேரமாகிவிடும். 100 என்றால் வாரத்துக்கே இருபது நிமிடம்தான். பத்து டெசிபல் கூட்டுவது போனில் நாலைந்து அழுத்து, அவ்வளவுதான். நான் வாரத்தில் 42 மணி நேரம் கேட்கிறேன், அதுவும் ஓட்டை ரப்பரோடு, தலைக்கு மேல் மின்விசிறி, கீழே தெருவில் ஹாரன், எல்லாவற்றையும் மீறி டாக்டர் கேட்கவேண்டும் என்று ஒலியை முக்கால் பங்குக்கு மேல் வைத்திருந்தேன். ரப்பர் சரியானதும் மின்விசிறியின் சத்தம் தானாகவே அடங்கியது, இப்போது பாதியைத் தாண்டுவதில்லை. பெடலை மிதிப்பதும் குறைந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நாள் பூரா மாட்டிக்கொண்டு திரிகிறார்கள், அவர்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் காதுத் துளை இன்னும் சின்னது, பெட்டியில் வருகிற எஸ்கூட அவர்களுக்குப் பெரிதாக இருக்கலாம். அவர்கள் என்ன செய்கிறார்கள்? என்னைப் போலவே ஒலியைக் கூட்டுகிறார்கள்.

ரோட்டில் நடக்கும்போது மட்டும் இப்படி அடைத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பின்னால் வருகிற பஸ் கேட்காது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அடுத்த முறை இயர்போன் பற்றி எழுதும்போது கட்டத்தில் ஒரு பத்தி கூட்டுங்கள்: பெட்டியில் எத்தனை அளவு ரப்பர் வருகிறது, 'எக்ஸ்எஸ்' உண்டா, தொலைந்துபோனால் அதே ரப்பர் தனியாகக் கிடைக்குமா. எழுதுகிறவர் தன் காதில் எந்த அளவைப் போட்டுக் கேட்டார் என்பதையும் சொல்லட்டும், 'பேஸ் குறைவு' என்று ஒன்றுக்கு மதிப்பெண் குறைத்திருந்தாரே, அவர் காதிலும் ஓட்டை இருந்திருக்கலாம் அல்லவா? இரண்டாவது, கடைக்காரர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். ரப்பரை ஒற்றை ஒற்றையாக விற்கச் சொல்லுங்கள், மில்லிமீட்டரைப் போட்டு. எனக்கு வலது காதுக்கு எஸ் ஒன்று, இடது காதுக்கு எம் ஒன்று போதும், அதற்காகப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் நான் 150 ரூபாய்க்கு வாங்கிய அகன்ற வாய் ரப்பரை அந்த முதல் 600 ரூபாய் இயர்போனில் போட்டுத்தான் இன்றைக்கும் வேலை பார்க்கிறேன். 3,000 ரூபாய் இயர்போனை அக்கா மகன் "சும்மா கெடக்குதே சித்தி" என்று எடுத்துப் போய்விட்டான்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கம் வாசகி

பி.கு.: எல் அளவு ரப்பர் பிரிக்காமல் ஏழு ஜோடி என்னிடம் மிஞ்சியிருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் பெரிய காதுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தபாலில் அனுப்புகிறேன்.